சாட்டியவரா, சாட்டப்பட்டவரா?

(தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் அறிவிப்பாளர் ஆற்றிய உரையின் கட்டுரை வடிவம்)



அறிவிப்பாளர் ஒருவர் செய்யவே கூடாத தவறு ஒன்றை அண்மையில் ஒளிப்பதிவுக் கூடத்தில் நான் செய்துவிட்டேன். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பராமரிப்புப் பணம் எப்படிக் கையாளப்படுகிறது என்பது அன்றைய தலைப்பு. பார்வையாளர் வரிசையில் ஐம்பது வயதைத் தாண்டிய அம்மையார் ஒருவர் அமர்ந்திருந்தார். அவர் தமது குடியிருப்பின் நிர்வாகக் குழுவில் இருந்தவர். மின்தூக்கியைப் பழுது பார்த்ததாகக் கணக்கில் எழுதியிருக்கிறது, பற்றுச்சீட்டைக் காணவில்லை, மின்தூக்கியும் ஓடவில்லை என்று கேள்வி எழுப்பி, காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருந்தார். பெயரையும் முகத்தையும் காட்ட மாட்டோம் என்று உறுதி சொல்லித்தான் அவரை அழைத்து வந்திருந்தோம்.

கேமரா ஓடத் தொடங்கியதும் திரையில் நகர்ந்த எழுத்துகளைப் பார்த்துப் படித்தேன். "இந்த விவகாரத்தில் குற்றஞ்சாட்டப்பட்டவர் இன்று நம்மோடு இருக்கிறார்" என்றேன். 'குற்றஞ்சாட்டியவர்' என்றிருக்க வேண்டிய இடம் அது. கூடம் அமைதியாகிவிட்டது. அந்த அம்மையார் மெதுவாகச் சொன்னார்: "தங்கச்சி, நான் சாட்டுனவ. சாட்டப்பட்டவ இல்ல." நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "பரவாயில்ல, எங்க புளோக்குல இப்ப ரெண்டும் ஒன்னுதான்" என்றார்.

பதிவை நிறுத்தி மீண்டும் தொடங்கினோம். ஆனால், அந்தக் கடைசி வாக்கியம் எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. தவறு நடந்திருக்கிறது என்று முன்வந்து சொல்பவரைத் தமிழில் நாம் என்ன பெயரிட்டு அழைக்கிறோம்? அந்தப் பெயர் அவருக்கு என்ன செய்கிறது? அடுத்த வாரக் கலந்துரையாடலில் இதைப் பற்றியே பேசினேன்.

முதலில் என் தவறையே எடுத்துக்கொள்வோம். சாட்டிய, சாட்டப்பட்ட. இடையில் இருப்பது 'படு' என்னும் துணைவினை ஒன்றுதான். அடிபடுவது, அல்லல்படுவது, துன்பப்படுவது என்று நாம் சொல்லும் அதே 'படு'. ஒருவருக்கு ஏதோ நேர்கிறது, அவர் அதை அனுபவிக்கிறார் என்பதே அதன் பொருள். ஆகவே, குற்றஞ்சாட்டப்பட்டவர் என்றால் குற்றச்சாட்டுக்கு ஆளாகி நிற்பவர். அவர் குற்றம் செய்தாரா இல்லையா என்பது அந்தச் சொல்லில் இல்லை.

எழுத்தில் இது தெளிவு. காதில் அப்படியல்ல. பேச்சுத் தமிழில் இந்தச் செயப்பாட்டு வினையை நாம் அதிகம் புழங்குவதில்லை. "அவர் மேல குத்தம் சொல்லியிருக்காங்க" என்போமே தவிர, "அவர் குற்றஞ்சாட்டப்பட்டிருக்கிறார்" என்று எந்த வீட்டுச் சமையலறையிலும் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆகவே, செய்தி வாசிக்கும்போது அந்தப் 'பட்ட' எளிதில் காதை விட்டு நழுவிவிடும். வாசிப்பவர் நாக்கிலிருந்தும் நழுவிவிடும் என்பதற்கு நானே சாட்சி. மலாயில் குற்றஞ்சாட்டுபவர் 'பெனுடூ', சாட்டப்பட்டவர் 'தெர்துடூ'. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். ஆனால் வேறுபாடு சொல்லின் தலையிலேயே வந்துவிடுவதால் கேட்பவர் தடுமாறுவதில்லை. தமிழில் வேறுபாடு சொல்லின் வயிற்றுக்குள் ஒளிந்திருக்கிறது.

சரி, நான் தவறாமல் 'குற்றஞ்சாட்டியவர்' என்றே படித்திருந்தால் அது சரியான சொல்லாக இருந்திருக்குமா? அங்கேதான் எனக்கு ஐயம் வந்தது.

நம்மிடம் இருக்கும் பழைய சொற்களைப் பாருங்கள். என் பாட்டி தோட்டத்தில் வளர்ந்தவர். கங்காணியிடமோ கிராணியிடமோ போய் ஒரு குறையைச் சொல்வதை அவர் 'பிராது கொடுக்கிறது' என்பார். பழைய தமிழ்ப் படங்களில் ஆலமரத்தடியில் பஞ்சாயத்து கூடும்போது வருமே, அதே பிராது. 'ஃபர்யாத்' என்னும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது அது. உதவி கேட்டு எழுப்பும் கூக்குரல் என்று பொருள். இன்று நாம் எல்லாரும் சொல்லும் 'புகார்' இந்துஸ்தானியிலிருந்து வந்தது. அங்கே 'புகார்' என்றால் கூவி அழைப்பது. இவை வந்த சொற்கள். நம் சொந்தச் சொல்லான முறையிடுதலை எடுத்தாலும் கதை அதேதான். 'முறை' என்றால் நீதி. "முறையோ!" என்று நீதி வேண்டிக் குரல் எழுப்புவதே முறையீடு. இலங்கைத் தமிழர்கள் இன்றும் 'முறைப்பாடு' என்றும் 'முறைப்பாட்டாளர்' என்றும் அழகாக எழுதுகிறார்கள்.

வெவ்வேறு வழியில் வந்த மூன்று சொற்களும் ஒரே காட்சியைக் காட்டுகின்றன. ஒருவர் குரல் கொடுக்கிறார். யாரை நோக்கி? கேட்க வேண்டியவரை நோக்கி. நமது இலக்கணமே இதைச் சொல்லிக்கொடுக்கிறது. காவல்துறை*யிடம்* புகார், அரசர*ிடம்* முறையீடு என்போம். மலாயில் 'மெங்ஙாடு' என்பதும் அப்படித்தான். பிள்ளை தாயிடம் ஓடிப்போய்ச் சொல்வதும் மெங்ஙாடுதான், குடிமகன் காவல் நிலையத்தில் சொல்வதும் மெங்ஙாடுதான்.

குற்றச்சாட்டு வேறு திசையில் நிற்கிறது. அவர் *மேல்* குற்றச்சாட்டு. சாட்டுதல் என்றால் ஒருவர் மேல் ஏற்றிவைப்பது. சுமத்துதல் என்றாலும் அதுதான். மூட்டையைத் தோளில் ஏற்றுவதுபோல் குற்றத்தை ஏற்றுகிறோம். மூட்டை அவருடையதா என்று பார்ப்பது பிறகு வரும் வேலை.

ஆக, புகார் கொடுப்பவர் கேட்பவரைப் பார்த்து நிற்கிறார். குற்றஞ்சாட்டுபவர் எதிரில் இருப்பவரைப் பார்த்து நிற்கிறார். ஒரே மனிதர் இரண்டையும் செய்யலாம். ஆனால் நாம் எந்தப் பெயரால் அழைக்கிறோமோ அந்தத் திசையில்தான் ஊர் அவரைப் பார்க்கும்.

சட்டமும் ஏறக்குறைய இந்த வேறுபாட்டைத்தான் பின்பற்றுகிறது. இது பலருக்கு வியப்பாக இருக்கலாம். நமது நாட்டில் குற்றவியல் வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால், குற்றஞ்சாட்டுவது அரசுத் தரப்பு. புகார் கொடுத்தவர் அந்த வழக்கில் ஒரு தரப்பே அல்லர். அவர் சாட்சி. "அவள்தான் கேஸ் போட்டாள்" என்று ஊரில் பேசுவது சட்டப்படி தவறான பேச்சு. அவர் தகவல் கொடுத்தார். விசாரித்தது காவல்துறை. வழக்குத் தொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பது அரசுத் தரப்பு. பணத் தகராறு, நிலத் தகராறு போன்ற உரிமையியல் வழக்குகளில் மட்டுமே வழக்கைத் தொடுத்தவர் 'வாதி'யாகவும் எதிரில் நிற்பவர் 'பிரதிவாதி'யாகவும் நேருக்கு நேர் நிற்கிறார்கள்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத் தொகுப்பின் 107-ஆவது பிரிவு, வாய்மொழியாக வரும் தகவலைக் காவல்துறை எழுத்தில் பதிந்து, கொடுத்தவருக்குப் படித்துக்காட்டிக் கையொப்பம் பெற வேண்டும் என்கிறது. கொடுத்தவரை அந்தப் பிரிவு தகவல் தந்தவராகவே பார்க்கிறது. அதையடுத்து வரும் 107ஏ பிரிவின்படி, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று அவர் கேட்டறியவும் உரிமை உண்டு. இதை நான் நிகழ்ச்சியில் சொன்னபோது பார்வையாளர்களில் பாதிப்பேர் தலையசைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். புகார் கொடுத்த கையோடு நமது வேலை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம்.

இனி, நமது பேச்சில் உள்ள மற்றச் சொற்கள். கோள்சொல்லி, போட்டுக்கொடுத்தவன், காட்டிக்கொடுத்தவள், ஆள்காட்டி. பள்ளிக்கூடத்தில் ஆசிரியரிடம் போய்ச் சொல்லும் பிள்ளைக்கு நாம் சூட்டும் பெயர்கள் இவை. அந்தப் பிள்ளை வளர்ந்து நிர்வாகக் குழுவில் கணக்குக் கேட்கும்போதும் இதே பெயர்கள் தயாராகக் காத்திருக்கின்றன. அந்த அம்மையாருக்கும் அதுதான் நடந்தது. மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்களாம். "போட்டுக்கொடுத்தவ வர்றா" என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்ததாம். மின்தூக்கி ஓடாததால் எல்லாரும் மாடிப்படியைத்தான் பயன்படுத்த வேண்டியிருக்கிறது. ஆகவே தினமும் இந்தச் சந்திப்பு!

கோள் சொல்வதை நமது மரபு கடிந்தது உண்மை. திருவள்ளுவர் புறங்கூறாமை என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். ஆனால் அவர் கடிவது, ஒருவர் இல்லாத இடத்தில் அவரைப் பற்றித் தாழ்த்திப் பேசுவதை. பெரியாரைத் துணைக்கோடல் அதிகாரத்திலோ, தவற்றை முகத்துக்கு நேரே இடித்துச் சொல்பவர் இல்லாத அரசன் கெடுப்பார் இல்லாமலே கெடுவான் என்ற கருத்தையும் அவரே சொல்லியிருக்கிறார். முதலாவதை மனப்பாடம் செய்த நாம் இரண்டாவதை மறந்துவிட்டோமோ?

இந்தச் சொற்களை எடைபோட எனக்குச் சிலப்பதிகாரத்தைவிடச் சிறந்த தராசு கிடைக்கவில்லை. அந்தக் காப்பியத்தில் குற்றஞ்சாட்டுபவர் இருவர். ஒருவர் கண்ணகி. இன்னொருவரை நாம் அந்தக் கோணத்தில் நினைத்துப் பார்ப்பதே இல்லை. அவர் அரண்மனைப் பொற்கொல்லர். அரசியின் சிலம்பைத் தாமே திருடி வைத்துக்கொண்டு, சிலம்பு விற்க வந்த கோவலனைக் கள்வன் என்று பாண்டியனிடம் சொன்னவர் அவர். அரசன் அவரிடம் ஆதாரம் கேட்கவில்லை. கோவலனை அழைத்து ஒரு கேள்வி கேட்கவில்லை. ஊடல்கொண்ட அரசியைச் சமாதானப்படுத்தப் போகிற வழியில், நின்ற நிலையிலேயே ஆணை பிறந்தது. காவலர்கள்கூட, இவரைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே என்று தயங்கினார்கள். பொற்கொல்லர் அதற்கும் பதில் வைத்திருந்தார். கோவலன் வெட்டுண்டான்.

பிறகு கண்ணகி வருகிறாள். அவள் வரும் பகுதிக்கே வழக்குரை காதை என்று பெயர். அவள் வெறுங்கையோடு வரவில்லை. மற்றொரு சிலம்பு கையில் இருக்கிறது. என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். எங்கள் சிலம்பின் பரல் முத்து என்கிறான் அரசன். உடைத்துப் பார்க்கிறார்கள். மாணிக்கம் தெறிக்கிறது. அரசன் அந்த இடத்திலேயே விழுந்து இறக்கிறான். (புகார் நகரத்திலிருந்து வந்த பெண் மதுரையில் புகார் கொடுத்தாள் என்று மேடையில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. நகரத்தின் பெயரும் இந்தப் புகாரும் வேறு வேறு சொற்கள். ஒலி மட்டுமே ஒன்று.)

பொற்கொல்லர், கண்ணகி இருவருமே குற்றஞ்சாட்டியவர்கள்தாம். அந்தச் சொல் இருவருக்கும் சரியாகப் பொருந்துகிறது. ஒருவர் பொய்யர், மற்றவர் நியாயம் கேட்டவர் என்பதைச் சொல் நமக்குச் சொல்லவில்லை. உடைத்துப் பார்த்த பிறகே தெரிந்தது. திருவாரூர் மனுநீதிச் சோழனின் வாயிலில் கட்டியிருந்த மணிக்கு ஆராய்ச்சி மணி என்று பெயர் வைத்தார்களே, எவ்வளவு பொருத்தம்! மணியை அடித்த பசுவுக்கு வாய் இல்லை. மணி சொன்னது ஒன்றுதான்: வந்து ஆராய்ந்து பார்.

இங்கே என் தொழிலைச் சேர்ந்தவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தொடர்பியல் டிப்ளோமா படித்தபோது எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்த பாடம், தீர்ப்பு வருவதற்கு முன் யாரையும் குற்றவாளி என்று எழுதாதே என்பது. கைதாகும் வரை சந்தேகப் பேர்வழி, நீதிமன்றத்தில் குற்றச்சாட்டு வாசிக்கப்பட்ட பிறகு குற்றஞ்சாட்டப்பட்டவர், தீர்ப்புக்குப் பிறகே குற்றவாளி. இதை ஓரளவு கடைப்பிடிக்கிறோம். ஆனால் எதிர்ப்பக்கத்தில் அதே கவனம் இல்லை. ஒருவர் புகார் கொடுத்த மறுநாளே சில இடங்களில் அவரைப் 'பாதிக்கப்பட்டவர்' என்று எழுதிவிடுகிறோம். அப்படி எழுதியதுமே எதிரில் இருப்பவர் பாதிப்பை ஏற்படுத்தியவர் ஆகிவிடுகிறார். விசாரணையே தேவையில்லை. சில இடங்களிலோ, 'புகார் கொடுத்ததாகக் கூறப்படும் பெண்' என்று எழுதி, புகார் கொடுத்தாரா என்பதையே சந்தேகத்துக்கு ஆளாக்கிவிடுகிறோம். புகார் கொடுத்தது நடந்த செயல். பதிவு எண் இருக்கிறது. கூறப்படுவது புகாரில் உள்ள செய்தி மட்டுமே.

பேச்சுத் தமிழ் இதை ஒரே எழுத்தில் முடித்துவிடுகிறது. "எடுத்தான்" என்பதற்கும் "எடுத்தானாம்" என்பதற்கும் எவ்வளவு தூரம்! நான் பார்க்கவில்லை, சொல்லக் கேட்டேன் என்பதை அந்த 'ஆம்' சொல்லிவிடுகிறது. செய்தியில் 'ஆம்' போட முடியாது என்பதால் 'எனக் கூறப்படுகிறது' என்று வால் கட்டுகிறோம். மாடிப்படியில் பேசும்போதாவது அந்த 'ஆம்' விழாமல் பார்த்துக்கொள்ளலாம். பொருளாளர் பணத்தை எடுத்தாரா இல்லையா எனக்குத் தெரியாது. பற்றுச்சீட்டு வேறொரு கோப்பில் இருந்து நாளை கிடைத்தாலும் கிடைக்கலாம். அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களும் அதே படிகளில்தான் ஏறி இறங்குகிறார்கள்.

அப்படிச் சீட்டுக் கிடைத்துவிட்டால் அந்த அம்மையார் 'பொய்ப் புகார்' கொடுத்தவர் ஆகிவிடுவாரா? நிகழ்ச்சியில் ஒரு பெரியவர் இப்படித்தான் கேட்டார். ஆக மாட்டார். தண்டனைச் சட்டத் தொகுப்பின் 182-ஆவது பிரிவு பொய்த் தகவல் கொடுப்பதைக் குற்றம் என்கிறது. 6 மாதம் வரை சிறை, 2,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். 211-ஆவது பிரிவின் தண்டனை இன்னும் கடுமையானது. ஆனால் தகவல் பொய் என்று தெரிந்தே கொடுத்திருக்க வேண்டும். உண்மையென்று நம்பிக் கொடுத்த புகார் நிரூபணமாகாமல் போவது வேறு, பொய்ப் புகார் வேறு. இரண்டுக்கும் நாம் ஒரே பெயரைச் சூட்டுவதால்தான் கண்ணில் பட்டதைச் சொல்லவும் பலர் அஞ்சுகிறார்கள். பொற்கொல்லருக்கு உரிய பெயரை வேறு யாருக்கோ கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஊழலையும் முறைகேட்டையும் வெளிப்படுத்துகிறவர்களுக்காக நமது நாட்டில் 2010-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. மலாயில் அதன் பெயர் 'அக்தா பெர்லிண்டுங்ஙான் பெம்பெரி மக்லுமாட்'. தகவல் தருபவர் பாதுகாப்புச் சட்டம். இதையே ஆங்கில வழக்கைப் பின்பற்றி 'விசில் ஊதுபவர்' என்று தமிழில் எழுதுவதைப் பார்க்கிறேன். கால்பந்துத் திடல் நினைவுக்கு வருகிறதே தவிர வேறெதுவும் விளங்கவில்லை. தகவல் தருபவர் என்பது எவ்வளவு அடக்கமான பெயர்! ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமலாக்க அமைப்பிடம் தகவல் தருகிறவருக்கே அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. காப்பிக்கடையில் பேசுகிறவருக்கும் முகநூலில் எழுதுகிறவருக்கும் அது குடை பிடிக்காது. அங்கேயும், யாரிடம் சொல்கிறோம் என்பதே முதல் கேள்வி.

அப்படியானால் நான் என்ன சொல் பயன்படுத்தலாம்? 'புகார்தாரர்' என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. விண்ணப்பதாரர், கடன்தாரர், சந்தாதாரர் வரிசையில் வரும் சொல். இந்த நாளிதழை வாங்கும் நீங்களும் ஒரு 'தாரர்'தான். தவறில்லாத சொல். அலுவலகத்துக்கு ஏற்றது. ஆனால் பக்கத்து வீட்டு அக்காவைப் 'புகார்தாரர்' என்றால் அவர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். வழக்கறிஞர் நண்பர் ஒருவர் 'முறையீட்டாளர்' என்று பரிந்துரைத்தார். அது மேல்முறையீட்டைப் போல் ஒலிக்கிறது என்று எங்கள் தயாரிப்பாளர் மறுத்துவிட்டார். கடைசியில் திரையின் அடியில் வரும் பெயர்ப்பட்டையில் 'புகார் கொடுத்தவர்' என்று இரண்டு சொற்களாகவே போட்டோம். அவர் செய்தது அது. அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை.

ஒளிபரப்புக்கு முன்பு அந்த அம்மையாரை அழைத்து, இப்படிப் போடுகிறோம், சம்மதமா என்று கேட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. கைப்பையைத் திறக்கும் ஓசை கேட்டது. காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் நகலை எப்போதும் மடித்துப் பையிலேயே வைத்திருக்கிறாராம். அதை விரித்து வைத்துக்கொண்டு தொலைபேசியில் எழுத்துக்கூட்டிப் படித்தார்: "புத்திர்-புத்திர் பெங்ஙாடு. கீழ என் பேரு, என் ஐ.சி. நம்பரு, வீட்டு விலாசம். எல்லாம் சரியாத்தான் இருக்கு. நீங்க போட்டதும் இதுவும் ஒன்னுதானே தங்கச்சி?"

ஒன்றுதான் என்றேன். "அப்ப போடுங்க" என்றார். அந்த 107ஏ பிரிவை ஒரு தாளில் எழுதி அனுப்ப முடியுமா என்றும் கேட்டார். எழுதி அனுப்பியிருக்கிறேன்.